ஒரு படி பனியில் எத்தனை ஆழாக்குத் தண்ணீர்? ஏரிச் சண்டையைத் தீர்த்த லத்தீன் வாத்தியார்

[காட்சி: ஒகேனக்கல் பரிசல் துறை. பின்னால் அருவியின் இரைச்சல்.]

ஒரு படி நிறையப் புதுப்பனியை அள்ளுங்கள். தலை தட்டிவிட்டு அடுப்பில் வைத்து உருக்குங்கள். எத்தனை ஆழாக்குத் தண்ணீர் கிடைக்கும்? படிக்கு எட்டு ஆழாக்கு என்பது நம் பாட்டிமார் கணக்கு. இந்தப் படியில் ஓர் ஆழாக்குகூடத் தேறாது! மீதி அத்தனையும் காற்று.

இந்தக் கணக்கு தெரியாமல் அமெரிக்காவில் ஓர் ஏரியின் கரைக்காரர்களும் கீழே இருந்தவர்களும் மல்லுக்கு நின்றார்கள். அதைத் தீர்த்து வைத்தவர் பொறியாளர் அல்லர், வக்கீல் அல்லர். லத்தீன் வாத்தியார். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தப் பரிசல் துறைக்கு வந்திருக்கிறேன்.

வணக்கம். முதலில் ஒரு விளக்கம். பனி என்றால் நமக்கு மார்கழி விடியலில் கேழ்வரகுத் தாளில் முத்து முத்தாக நிற்கும் துளி. இன்று நான் சொல்வது வானத்திலிருந்து பஞ்சாக விழுந்து, மலைமேல் மாதக்கணக்கில் கிடக்கும் வெண்பனி. குளிர்காலத்தில் விழுகிறது, வெயில் ஏற ஏற உருகுகிறது, ஆறாக ஓடுகிறது. பின்னணி இவ்வளவு போதும்.

அது ஏன் ஒரே நாளில் உருகி ஊரை அடித்துக்கொண்டு போவதில்லை? 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியை அதே 0 டிகிரித் தண்ணீராக மாற்ற எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அந்த வெப்பத்தில் ஒரு கிலோ குளிர்ந்த தண்ணீரை 80 டிகிரி வரை காய்ச்சிவிடலாம். கை வைத்தால் வெந்துபோகும் சூடு அது! அவ்வளவையும் விழுங்கினால்தான் பனி தண்ணீராகும். மதகும் ஷட்டரும் இல்லாமல் மலையே அணையாக நிற்பது இதனால்தான்.

[காட்சி: தாஹோ ஏரியின் வரைபடம்]

கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களின் எல்லையில் தாஹோ என்றொரு ஏரி. அதிலிருந்து ஆறு புறப்படும் வாயில் ஓர் அணை. ஏரி எவ்வளவு ஆழமாக இருந்தாலும், அந்த அணையின் கட்டுப்பாட்டில் இருப்பது மேல்மட்டத்தில் சுமார் 6 அடித் தண்ணீர்தான். ஆனால் அந்த 6 அடியைக் கணக்குப் போட்டால் 32 டி.எம்.சி.க்கு மேல் வருகிறது. நம் மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதாவது மேட்டூரில் மூன்றில் ஒரு பங்கு! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பே சிலிர்த்தது.

சண்டை அந்த 6 அடிக்காகத்தான். ஏரியை நிரப்பி வைக்காதீர்கள், கரை அரிக்கிறது என்றார்கள் கரையில் இடம் வைத்திருந்தவர்கள். நிரப்பி வையுங்கள், கோடையில் எங்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்றார்கள் ஆற்றின் கீழே இருந்தவர்கள். நமக்குக் கேட்டுப் பழகிய வழக்குதானே? மலையில் கிடக்கும் பனி உருகினால் ஏரி எவ்வளவு உயரும் என்பது மட்டும் இரு பக்கத்தாருக்கும் தெரியாது.

அங்கேதான் ஜேம்ஸ் எட்வர்ட் சர்ச் வருகிறார். நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் கற்பித்தவர். குளிர்காலத்தில் மலையேறுவதில் தீராத ஆசை கொண்டவர். தாஹோவுக்குப் பக்கத்தில் ரோஸ் மலை இருக்கிறது. 10,700 அடிக்கு மேல், நம் தொட்டபெட்டாவைவிட 2,000 அடி கூடுதல் உயரம். அங்கே ஏறி இறங்கியவர், 1900களின் தொடக்கத்தில் ஒரு கருவி செய்தார். உள்ளே ஒன்றும் இல்லாத நீளமான உலோகக் குழாய், அடி விளிம்பில் பற்கள். அவ்வளவுதான்!

மண்டியில் கேழ்வரகு மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி, மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் தானியத்தை எடுத்துப் பார்ப்பார்களே, அதே வேலை. குழாயைப் பனிக்குள் தரை தட்டும் வரை இறக்குகிறார். பனி தூண் போல உள்ளே ஏறிக்கொள்கிறது. தூக்கித் தராசில் மாட்டுகிறார். காலிக் குழாயின் எடையைக் கழிக்கிறார். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரியை எடைமேடையில் ஏற்றி, காலி வண்டி எடையைக் கழிக்கிறார்களே, அதேதான். மிஞ்சுவது பனியின் எடை. பனியின் எடைதான் தண்ணீரின் எடை. எத்தனை அடிப் பனி என்ற கேள்வியை விட்டுவிட்டு, எத்தனை அங்குலத் தண்ணீர் என்று கேட்டார் பாருங்கள், அங்கேதான் அவர் மூளை!

பல இடங்களில் இப்படி எடுத்து, வழக்கமான ஆண்டோடு ஒப்பிட்டு, பனி உருகும் முன்பே ஏரி எவ்வளவு உயரும் என்று சொன்னார். அதை வைத்து அணையைத் திறந்தார்கள், மூடினார்கள். சண்டை தணிந்தது. இன்றும் கலிபோர்னியாவின் தண்ணீர்த் தேவையில் சுமார் 30 சதவீதம், தாஹோ இருக்கும் சியரா நெவாடா மலைத்தொடரின் பனியிலிருந்துதான். இன்றும் குழாயோடு போய் அளக்கிறார்கள். 2015 ஏப்ரல் 1 அன்று, பிலிப்ஸ் ஸ்டேஷன் என்ற இடத்தில் கலிபோர்னியாவின் அன்றைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வெறும் புல்தரையில் நின்றார். குழாயை இறக்கப் பனியே இல்லை. நகரங்களின் தண்ணீர்ப் பயன்பாட்டில் 25 சதவீதம் குறைக்க அன்றே உத்தரவு போட்டார்.

வெண்பனி என்றாலே பனிச்சறுக்குதானே நினைவுக்கு வரும்? 1960 குளிர்கால ஒலிம்பிக் இந்த ஏரிக்குப் பக்கத்தில்தான் நடந்தது. சறுக்குபவர்களுக்கு மாவு போன்ற இலேசான பனி வேண்டும். இங்கே விழும் கனத்த ஈரப்பனிக்கு அவர்கள் வைத்த பெயர் 'சியரா சிமெண்ட்'. பனி குறைந்து ஏரி மட்டம் இறங்கிவிட்டால், ஏரியிலிருந்து புறப்படும் ஆற்றில் தண்ணீர் வராது, கோடைப் படகுச் சவாரியும் கிடையாது.

[காட்சி: மீண்டும் பரிசல் துறை]

நம் காவிரிக்கு வருவோம். தலைக்காவிரியில் வெண்பனி கிடையாது. தென்மேற்குப் பருவமழைதான் நமக்கு எல்லாம். ஆடிப்பெருக்கு அதன் கணக்கு. பனி மூன்று மாதம் முன்னதாகச் சொல்லும். குடகு மழை சில நாட்கள்தான் அவகாசம் தரும், நடுவில் அணைகள் வேறு. அதனால் கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையில் பிலிகுண்டுலுவில் எடுக்கும் அளவுதான் நமக்குக் குழாயும் தராசும். ஆண்டுதோறும் கர்நாடகம் நமக்குத் தர வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி.யும் அங்கேதான் அளக்கப்படுகிறது.

இது டெல்டாவின் கவலை மட்டும் என்று நினைக்காதீர்கள். என் அத்தையின் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. புகைப்படத்துக்கு வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார். கிணற்று நீரில் இருந்த ஃப்ளூரைடு செய்த வேலை அது. 2013இல் காவிரியிலிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் கோடு வரக்கூடாது என்பதுதான் என் ஆசை.

[காட்சி: ஆற்றின் நடுவே ஒரு பாறை]

இங்கே ஒரு பரிசல்காரரிடம் கேட்டேன்: "தண்ணீர் ஏறுவதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் அண்ணா?" அந்தப் பாறையைக் காட்டினார். "அதன் தோள் நனைந்தால் ஜாக்கிரதையாக இருப்போம். தலை முழுகினால் பரிசலைக் கரையில் கவிழ்த்து வைத்துவிடுவோம் தம்பி."

இதுவும் அளவுதான். நீங்கள் ஒகேனக்கல் வரும் நாளில், கரையில் நின்றபடி அந்தப் பாறையை ஒரு படம் எடுங்கள். செய்தியில் வரும் அன்றைய நீர்வரத்து எத்தனை கன அடி என்று படத்தோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த ஆடிக்குள், பாறையின் எந்த இடம் நனைந்தால் எத்தனை கன அடி என்று கோடு கோடாகப் போட்டு இதே துறையில் காட்டுகிறேன்.