கிராஸ்ஃபயரை மூடினது ஒரு காமெடியனா?

அடுத்த கேள்வி. "ஜான் ஸ்டூவர்ட்னு ஒரு அமெரிக்க காமெடியன் போய்த் திட்டினதும் அங்க இருக்கிற செய்தி சேனல் சிஎன்என் தன்னோட விவாத நிகழ்ச்சியையே மூடிடுச்சாமே? நம்ம ஊர் நையாண்டி சேனல்களால ஏன் ஒரு டிவி விவாதத்தைக்கூட அசைக்க முடியல?"

பாதி உண்மைங்க. 2004 அக்டோபர் 15 அன்னிக்கு அவர் கிராஸ்ஃபயர்ங்கிற அந்த விவாத நிகழ்ச்சிக்குப் போனார். எதிர்ல அதை நடத்தின டக்கர் கார்ல்சன், பால் பெகாலா. ஜோக் அடிப்பார்னு கூப்பிட்டாங்க. அவரோ, நீங்க நடத்துறது விவாதமே இல்ல, நாடகம், நாட்டைக் கெடுக்குறீங்கன்னு முகத்துக்கு நேராச் சொல்லிட்டார். அந்த வருஷ அதிபர் தேர்தல் வேட்பாளர் ஜான் கெர்ரி உங்க டெய்லி ஷோவுக்கு வந்தப்போ நீங்க என்ன கிழிச்சீங்கன்னு கார்ல்சன் மடக்கப் பார்த்தார். என்னோடது காமெடி ஷோ, அதுக்கு முன்னாடி வர்ற நிகழ்ச்சியில பொம்மைங்க போன் போட்டுக் கலாய்க்குது, நீங்க இருக்கிறது சிஎன்என்லன்னு ஸ்டூவர்ட் பதில் சொன்னார்.

2005 ஜனவரியில சிஎன்என் தலைவர் ஜொனாதன் கிளைன் நிகழ்ச்சியை நிறுத்துறதா அறிவிச்சார். ஸ்டூவர்ட் சொன்னது சரின்னும் சொன்னார். ஆனா 1982ல ஆரம்பிச்ச அந்த ஷோவை, அதுக்கு முன்னாடியே பிரைம் டைம்ல இருந்து தூக்கி, அரை மணி நேரமாக் குறைச்சிருந்தாங்க. ஏற்கெனவே சாய்ஞ்ச சுவர். 2013ல அதே பேர்ல திரும்ப வந்துச்சு, அடுத்த வருஷமே போயிடுச்சு.

இந்த மாதிரி விவாதம் ஏன் திரும்பத் திரும்ப வருதுன்னா, செலவு கம்மி. ஒரு செய்தியைத் தோண்ட நிருபர், கேமரா, பயணம்னு நாள் கணக்கா ஆகும். விவாதத்துக்கு ஒரு ஸ்டுடியோ, நாலஞ்சு நாற்காலி போதும். நம்ம ஊர்க் கணக்கைப் போட்டுப் பாருங்க. ஒரு மணி நேரத்துல விளம்பரத்துக்கு விதிப்படி 12 நிமிஷம். மிச்சம் 48. முன்னோட்டம், தலைப்பு வீடியோ, நெறியாளர் பேச்சு எல்லாத்துக்கும் ஒரு 13 வைங்க. 35 நிமிஷம், அஞ்சு பேர், ஆளுக்கு 7. அதுவும் ஒரே மூச்சுல கிடைக்காது, ரெண்டு ரெண்டு நிமிஷமாத்தான் வரும். இதுல ஒரு பட்ஜெட்டை விளக்க முடியுமா? "உங்க ஆட்சியில மட்டும் என்ன கிழிச்சீங்க"ன்னு கேட்க இருபது செகண்ட் போதும். அதான் எல்லாரும் அதையே கேட்குறாங்க.

நம்ம நையாண்டி சேனல்கள் சறுக்குறது எங்கன்னா, கத்தின பதினஞ்சு செகண்டை வெட்டி, கூட வடிவேலு முகத்தை ஒட்டிப் போடுறாங்க. அதே துண்டைத்தான் டிவிக்காரங்களும் ஷார்ட்ஸாப் போடுறாங்க. ஆக, நீங்க பண்றது இலவச விளம்பரம்.

கை வைக்க வேண்டியது தலைப்புல. "பின்வாங்குகிறதா அரசு?" மாதிரி கடைசியில ஒரு கேள்விக்குறி இருக்கும். சேனல் எதையும் சொன்னதா ஆகாது, பார்க்கிறவர் மனசுல மட்டும் பதிஞ்சிடும். அப்புறம் ஸ்டாப்வாட்ச் வெச்சு, நெறியாளர் எத்தனை நிமிஷம் பேசினார், யாரை எத்தனை தடவை குறுக்க வெட்டினார்னு எழுதுங்க. பேருக்குக் கீழ "அரசியல் விமர்சகர்"னு வருதே, அவர் போன தேர்தல்ல எந்தக் கட்சி மேடையில ஏறினார்னு பழைய வீடியோவைப் பக்கத்துல ஓட விடுங்க. முழு வாக்கியமா இருக்கணும், தேதி போடணும். பாதியில வெட்டினா அவங்க வேலையைத்தான் நீங்களும் பண்றீங்க, காப்பிரைட் கிளெய்ம் வேற வந்து நிக்கும்.

ஸ்டூவர்ட்டோட டெய்லி ஷோ வருஷக்கணக்கா செஞ்சது இதுதான், அன்னிக்குப் பேசினதையும் இன்னிக்குப் பேசுறதையும் அடுத்தடுத்து ஓட விடுறது. அதுக்கு அவங்க டிவியை ரெக்கார்ட் பண்ணித் தேட வேண்டியிருந்துச்சு. நமக்கு அந்தக் கஷ்டம் இல்ல, முழு விவாதத்தையும் சேனல்களே யூடியூப்ல ஏத்திடுறாங்க.