ஒன்பது சட்டைகள்

நண்பர்களுக்கு வணக்கம்.

விளையாட்டைப் பற்றிப் பேசக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கோப்பை வாங்கியவர்களைப் பற்றித்தான் கேட்க விரும்புவார்கள். இன்றைக்கு நான் பேசப்போகிற மனிதர் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-இல் 17 பருவங்கள் ஆடினார். ஒன்பது அணிகளின் சட்டையைப் போட்டார். கோப்பையை விடுங்கள், பிளேஆஃப் என்கிற நாக்அவுட் சுற்றில் ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஓய்வு பெற்றார். பெயர் ரையன் ஃபிட்ஸ்பேட்ரிக். அவரைப் பற்றி நினைத்தாலே எனக்கு உற்சாகம் வந்துவிடும். ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பக்கத்துக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் போய்ச் சேருவது குவார்ட்டர்பேக் கையில்தான். எதிரணி ஆட்கள் அவரைச் சாய்க்க ஓடி வருவார்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்து எறிய வேண்டும். எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் டச்டவுன், ஆறு புள்ளி. அவ்வளவு புரிந்தால் இன்றைக்குப் போதும்.

ஃபிட்ஸ்பேட்ரிக் போன்றவர்களை அங்கே 'ஜர்னிமேன்' என்பார்கள். ஊர் ஊராகப் போகிறவர் என்று நாம் அர்த்தம் எடுத்துக்கொள்வோம். அந்தச் சொல்லின் வேர் வேறு. பிரெஞ்சில் 'ஒரு நாள்' என்ற பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. தொழிலை முழுக்கக் கற்றவர், ஆனால் சொந்தப் பட்டறை இல்லாதவர், நாள் கூலிக்கு வேலை செய்கிற கைவினைஞர். நம் ஊரில் உளிப்பையைத் தூக்கிக்கொண்டு கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போவாரே ஓர் ஆசாரி, அவர்தான். இந்த அர்த்தத்தை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு கேளுங்கள்.

அரிசோனாவில் பிறந்து ஹார்வர்டில் பொருளாதாரம் படித்தவர். 2004இல் ஹார்வர்ட் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காத பருவத்தில் அவர்தான் குவார்ட்டர்பேக். ஹார்வர்ட் என்றால் படிப்புக்குப் பெயர். தொழில்முறைக் கால்பந்துக்கு அங்கிருந்து ஆள் எடுப்பது அபூர்வம். டிராஃப்ட் என்பது லீக்கின் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்வு. 2005 டிராஃப்டில் மொத்தம் 255 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். இவர் 250ஆவது. செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி எடுத்துக்கொண்டது. வீரர்களுக்கு அப்போது வைத்த அறிவுத்திறன் தேர்வில் 50க்கு 48 எடுத்தார் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த 48ஐ அவர் ஓய்வு பெறும்வரை எல்லாரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அந்தப் பேச்சில் ஒப்புதல் இல்லை. அவரைப் பதினேழு பருவம் நிற்க வைத்தது அந்த மதிப்பெண் அல்ல.

2005 நவம்பர் 27. ராம்ஸ் அணியின் முதல் குவார்ட்டர்பேக் காயத்தில் இருக்கிறார். இரண்டாமவரும் ஹூஸ்டன் ஆட்டத்தின் நடுவில் அடிபடுகிறார். மூன்றாவது ஆளான இந்தப் பையன் இறங்குகிறார். பாதி ஆட்டம் முடியும்போது 24–3 என்று பின்தங்கியிருந்தார்கள். கடைசியில் கூடுதல் நேரத்தில் 56 யார்டு டச்டவுன் ஒன்றோடு 33–27 என்று ஜெயித்தார்கள். முதல் ஆட்டத்திலேயே மொத்தம் 310 யார்டு எறிந்தார், மூன்று டச்டவுன். அவர் வாழ்க்கை முழுக்க நடக்கப்போவதன் ருசி அன்றைக்கே தெரிந்துவிட்டது. யாரோ விழுந்தால் இவருக்கு அழைப்பு வரும், போய் நிற்பார்.

அப்புறம் சின்சினாட்டி. அங்கேயும் முதல் ஆளுக்குக் காயம், இவருக்கு 12 ஆட்டம். அதன்பின் 2009இல் பஃபலோ பில்ஸ். இந்த ஊரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஏரிக்கரையில், பனி கொட்டும் ஊர் பஃபலோ. அந்த அணி அப்போது பத்து ஆண்டுகளாகப் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. ஆனாலும் அவர்களுடைய ரசிகர்கள் அணியைக் கைவிடாதவர்கள். 2011 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி அங்கே வந்தது. புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் அணி. அவர்களிடம் பஃபலோ தொடர்ந்து 15 ஆட்டம் தோற்றிருந்தது. அன்றைக்கும் 21–0 என்று பின்தங்கினார்கள். பிறகு எழுந்து 34–31 என்று ஜெயித்தார்கள். அடுத்த மாதமே ஃபிட்ஸ்பேட்ரிக்குக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம், மதிப்பு 5 கோடியே 90 லட்சம் டாலர். ஒருவழியாகச் சொந்தப் பட்டறை கிடைத்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஐந்து வெற்றி, இரண்டு தோல்வி என்று தொடங்கிய அந்தப் பருவம் ஆறு வெற்றி, பத்துத் தோல்வி என்று முடிந்தது. அந்த விளையாட்டில் ஒப்பந்தத் தொகையில் பெரும்பகுதிக்கு உத்தரவாதம் கிடையாது. 2013 மார்ச்சில் விடுவித்துவிட்டார்கள்.

டென்னசி ஒரு வருடம், ஹூஸ்டன் ஒரு வருடம். ஹூஸ்டனில் அதே டென்னசிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு டச்டவுன் எறிந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் கால் எலும்பு முறிந்தது.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். வீடு மாறுவதும் பிள்ளைகளுக்குப் பள்ளி தேடுவதும் சிரமம்தான், அவருக்கு ஏழு பிள்ளைகள். ஆனால் களத்தில் இன்னொரு பெரிய சிரமம் உண்டு. ஒவ்வொரு அணிக்கும் தனி மொழி. ஒரே ஓட்டத்துக்கு இந்த அணியில் ஒரு பெயர், அந்த அணியில் வேறு பெயர். ஓர் ஆட்டத் திட்டத்தின் பெயரே பத்துப் பதினைந்து சொல் நீளும். கோச் அதைக் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியோவில் சொல்வார். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்த ரேடியோ அறுந்துவிடும், அதுதான் விதி. கேட்டதை அவர் வட்டமாகக் கூடியிருக்கும் பத்துப் பேருக்கும் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சுற்றிலும் 60,000 பேர் கூச்சல் போடுவார்கள். ஒரு சொல் தவறினால் ஒருவர் தப்பான பக்கம் ஓடுவார், பந்து எதிராளி கைக்குப் போகும். இந்த மொழியை மறந்துவிட்டுப் புதிய மொழியைப் படிப்பது, போன வருடம் எதிரியாக இருந்தவரின் நம்பிக்கையைச் சில வாரத்தில் வாங்குவது. இதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் செய்தார்.

2015, நியூயார்க் ஜெட்ஸ். பயிற்சிக் காலத்தில் முதல் குவார்ட்டர்பேக்கின் தாடையைச் சக வீரர் ஒருவர் குத்தி உடைத்துவிட்டார். மறுபடியும் இவர். 31 டச்டவுன் எறிந்தார். ஜெட்ஸ் வரலாற்றில் ஒரு பருவத்தில் அதற்குமுன் யாரும் அத்தனை எறிந்ததில்லை. பத்து வெற்றி, ஐந்து தோல்வி. கடைசி ஆட்டத்தை ஜெயித்தால் பிளேஆஃப் உறுதி. அந்த ஆட்டம் எங்கே? பஃபலோவில். நான்காவது கால்பகுதியில் அவர் எறிந்த மூன்று பந்துகள் எதிரணி கைக்குப் போயின. 22–17 தோல்வி. அவ்வளவு பக்கத்தில் அவர் அதற்குமுன் போனதில்லை. அவருடைய குறையை நான் மறைக்க விரும்பவில்லை. எறியக்கூடாத இடத்துக்கும் துணிந்து எறிவார். மொத்தம் 223 டச்டவுன், எதிராளியிடம் பறிகொடுத்தது 169. இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை. அந்தத் துணிச்சலைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பவர் ஃபிட்ஸ்பேட்ரிக் இல்லை.

டாம்பா பேயில் 2018இல் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் 400 யார்டுக்கு மேல் எறிந்தார். அந்த லீக்கின் வரலாற்றில் அதற்குமுன் யாரும் செய்யாதது. நான்காவது ஆட்டத்தின் பாதியில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மயாமிதான் எனக்கு முக்கியம். 2019இல் அந்த அணி முதல் ஏழு ஆட்டமும் தோற்றது. 37 வயதுக்காரர் அந்த ஆண்டு 243 யார்டு ஓடினார். அணியிலேயே அதிகம் ஓடியவர் அவர்தான், குவார்ட்டர்பேக்காக இருந்துகொண்டு. கடைசி ஆட்டத்தில், 24 விநாடி இருக்கும்போது எறிந்த டச்டவுனில், பேட்ரியாட்ஸை அவர்கள் ஊரிலேயே சாய்த்தார். அடுத்த ஆண்டு மயாமி, டுவா டாங்கோவைலோவா என்ற இளைஞரை டிராஃப்டில் முதல் சுற்றிலேயே எடுத்தது. 2020 அக்டோபரில், இரண்டு ஆட்டம் வரிசையாக ஜெயித்த கையோடு, ஃபிட்ஸ்பேட்ரிக்கை உட்கார வைத்துவிட்டு டுவாவை இறக்கினார்கள். மனசு உடைந்துவிட்டது என்று அவர் நிருபர்களிடம் ஒளிக்காமல் சொன்னார். வேலையை விட்டு அனுப்பியவரின் பேச்சையும் கேட்டுக்கொண்டு, தன் இடத்துக்கு வந்தவரோடு ஒரே அறையில் உட்கார வேண்டிய நிலை என்றார். சொல்லிவிட்டு, அந்த அறைக்குப் போய் அந்தப் பையனுக்கு உதவினார். கோபத்தையும் மறைக்கவில்லை, வேலையையும் விடவில்லை. இது லேசான காரியம் இல்லை, நண்பர்களே.

டிசம்பர் 26, லாஸ் வேகஸ். கொரோனா காலம், பார்வையாளர் இல்லாத மைதானம். நான்காவது கால்பகுதியில் டுவாவை எடுத்துவிட்டு இவரை இறக்குகிறார்கள். 19 விநாடி மிச்சம், 25–23 என்று பின்தங்கியிருக்கிறார்கள், பந்து தங்கள் பக்கத்து 25 யார்டு கோட்டில். பந்தை வாங்கிப் பின்னால் நகர்கிறார். எதிரணிக்காரர் ஒருவர் வந்து ஹெல்மெட்டின் முகக்கம்பியைப் பிடித்து இழுக்கிறார். தலை அப்படியே பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது. கண் எங்கேயோ பார்க்கிறது. கை மட்டும் எறிய வேண்டிய திசையில் எறிகிறது. பந்து 34 யார்டு போய் மேக் ஹாலின்ஸ் கையில் விழுகிறது. முகக்கம்பியைப் பிடித்ததற்கு அபராதமாக இன்னும் 15 யார்டு. அடுத்து கம்பங்களுக்கு நடுவே 44 யார்டு உதை, மூன்று புள்ளி; 26–25.

பார்க்காமலே எப்படி எறிந்தார் என்று கேட்கிறார்கள். தலை திரும்புவதற்கு முன்னால் அவர் பார்த்துவிட்டார். ஓடுகிறவர் அடுத்த நொடியில் எங்கே இருப்பார் என்பது பதினாறு பருவமாக உடம்பில் ஊறியிருந்தது. நன்றாகத் தெரிந்த உளியை ஆசாரி உற்றுப் பார்த்துக்கொண்டா அடிக்கிறார்?

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தை ஜெயித்தால் மயாமிக்குப் பிளேஆஃப். ஆட்டம் மறுபடியும் பஃபலோவில். சில நாள் முன்னால் அவருக்குக் கொரோனா தொற்று என்று தெரிந்தது, போக முடியவில்லை. அணி 56–26 என்று தோற்றது.

2021இல் வாஷிங்டன், ஒன்பதாவது சட்டை. முதல் ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதியில் இடுப்பில் அடி. ஆறே பந்து எறிந்திருந்தார். ஒன்பது அணிகளுக்கு ஆட்டத்தைத் தொடங்கிய முதல் குவார்ட்டர்பேக் என்ற பதிவு அந்த ஆறு பந்தோடு நிலைத்தது. திரும்பி ஆடவே இல்லை.

2022 ஜனவரி 15. பஃபலோவில் பிளேஆஃப் ஆட்டம், எதிரே அதே பேட்ரியாட்ஸ். உறைநிலைக்குக் கீழே சுமார் 14 டிகிரி குளிர். பஃபலோ 47–17 என்று நொறுக்கிக்கொண்டிருக்கிறது. ரசிகர் கூட்டத்தின் நடுவே தாடிக்காரர் ஒருவர், மேலே சட்டை இல்லாமல், கத்திக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் அந்த அணி விடுவித்த ஃபிட்ஸ்பேட்ரிக்.