கேரவனின் கழிப்பறைத் தொட்டி கசிந்தால்: கோத்தகிரியில் ஒரு பழுதுநீக்கம்

அனைவருக்கும் வணக்கம். என் கேரவனின் அடியில் தொங்கும் கழிப்பறைத் தொட்டி கசிகிறது. கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதிலிருந்து, தொட்டியை இறக்கி, பிளாஸ்டிக் வெல்டிங் செய்து, மறுபடியும் மாட்டிச் சோதிப்பது வரை எல்லாவற்றையும் இந்தக் காணொளியில் காட்டுகிறேன். வண்டி இப்போது கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹோம்ஸ்டேயின் முற்றத்தில் நிற்கிறது. தம் வீட்டின் செப்டிக் டேங்கையும் மின் இணைப்பையும் பயன்படுத்திக்கொள்ள வீட்டுக்கார அண்ணன் அனுமதி தந்திருக்கிறார். இவை இரண்டும் கிடைக்கும் வரை தொட்டியில் கை வைக்காதீர்கள்.

சொட்டுதானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இதை விட்டுவிடக் கூடாது. நீலகிரியில் எந்தச் சரிவில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாலும் அது ஏதோ ஓர் ஓடையைத் தேடித்தான் இறங்குகிறது. குன்னூர் ஆறு மேட்டுப்பாளையத்தை நெருங்கிப் பவானியில் சேர்கிறது, மோயாறு பவானிசாகர் அணையில் வந்து கலக்கிறது, குந்தாப் பக்கத்து நீர் பில்லூர் அணைக்குப் போய் அங்கிருந்து கோயம்புத்தூரின் குழாய்களுக்கு வருகிறது. இந்த மலையின் ஓடைநீரைத் தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்புகளில் அப்படியே பிடித்துக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். மனிதக் கழிவு சுமந்த வண்டியை இங்கே ஓட்டிவருபவருக்கு அது ஒரு சொட்டும் சிந்தாமல் பார்த்துக்கொள்ளும் கடமை உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

கேரவனில் பொதுவாக மூன்று தொட்டிகள் இருக்கும்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வரும் நீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. ஆகவே எந்தத் தொட்டி கசிகிறது, உண்மையிலேயே தொட்டிதான் கசிகிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். மலையில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. மூடுபனி இறங்கும் நாட்களில் குளிர்ந்த தொட்டியின் வெளிப்புறம் முழுவதும் ஈரம் படிந்து, அந்த ஈரம் ஓரங்களில் திரண்டு சொட்டத் தொடங்கிவிடும். பார்ப்பவர் அதையே கசிவு என்று நம்பிவிடுவார்.

இதைப் பிரித்தறிய நான் கேசரிப் பவுடரைப் பயன்படுத்துகிறேன். ஒரு வாளித் தண்ணீரில் அதை நன்றாகக் கரைத்துக் கழிப்பறை வழியாக ஊற்றிவிட்டு, வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவைத்தேன். கேமராவைக் கீழே கொண்டுபோகிறேன், பாருங்கள். தாளின் இந்த மூலையில் படிந்திருப்பது வெறும் ஈரம், நிறம் இல்லை. இங்கே, வெளியேற்றுக் குழாய்க்கு நேர் கீழே, ஆரஞ்சு நிறத்தில் வட்டம் வட்டமாகத் தெரிவதுதான் கசிவு. அந்த இடத்தைத் துணியால் துடைத்து, முகத்துக்குப் பூசும் பவுடரைத் தொட்டியின் மேல் மெலிதாகத் தூவினால், சற்று நேரத்தில் விரிசலின் வழியே மட்டும் பவுடர் நனைந்து, ஒரு கோடு தானாகத் தெரிந்துவிடுகிறது. குழாய் தொட்டிக்குள் நுழையும் வளையத்தின் ஓரத்தில் தொடங்கி மேல்நோக்கி வளைந்து போகும் இந்தக் கோட்டின் நீளம் என் ஆள்காட்டி விரலளவு இருக்கிறது.

இதற்கு மாறாக, குழாயின் வாயிலிருந்து மட்டும் சொட்டினால் தொட்டியில் குறை இல்லை. தகட்டை இழுத்துக் குழாயைத் திறந்து மூடும் கேட் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்திருக்கும், அல்லது தகடு முழுவதும் மூடாதபடி ஏதாவது சிக்கியிருக்கும். நான்கு போல்ட்டைக் கழற்றி சீலை மாற்றினால் அந்த வேலை முடிந்துவிடும்.

அடுத்தது தொட்டியைக் காலிசெய்வது. இதில் அவசரம் கூடாது என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கழிவு அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. மீத்தேன் தீப்பற்றும். ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயு, தீப்பற்றவும் செய்யும். அளவு கூடும்போது மூக்கின் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடுவதால், நாற்றம் நின்றுவிட்டது என்பதை வைத்து ஆபத்து நீங்கிவிட்டது என்று முடிவுசெய்யக் கூடாது. நாம் பிறகு சூடான காற்றைப் பாய்ச்சப் போகும் தொட்டி இது என்பதை மறக்காதீர்கள். செப்டிக் டேங்கில் கழிவை இறக்கிய பின்பு, தொட்டியை நல்ல தண்ணீரால் நிரப்பி வெளியேற்றுங்கள், வெளிவரும் நீர் தெளியும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அதன் பிறகு தொட்டியைக் கழற்றி, எல்லாத் திறப்புகளையும் திறந்துவைத்து, காற்றோட்டமான வெளியிடத்தில் நன்றாக உலரவிடுங்கள். வண்டியின் எல்பிஜி சிலிண்டரையும் மூடிவிடுங்கள்.

பிளீச்சிங் பவுடரை எடுத்துக் கொட்டிவிடலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். சிறுநீர் தேங்கிய தொட்டியில் அதைக் கொட்டினால் குளோரமின் வாயு எழும், அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு எழும். இரண்டும் நுரையீரலைப் பதம் பார்க்கும். முழுவதும் அலசி முடித்த பிறகு, தேவைப்பட்டால் மட்டும், மிகவும் நீர்த்த கரைசலைப் பயன்படுத்தலாம். கையுறை, கண்ணாடி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் ஆகியவற்றைப் போட்டுக்கொண்டு இந்த வேலையை நீங்களே செய்யுங்கள். மனிதக் கழிவைக் கையால் அகற்ற ஆளமர்த்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், நம் சுற்றுலாவின் கழிவில் இன்னொருவர் கையை விடச் சொல்வது நியாயமே இல்லை.

இப்போது இந்தக் காணொளியின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். தொட்டி எந்தப் பிளாஸ்டிக்கால் ஆனது என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் வாங்காதீர்கள், எதையும் பூசாதீர்கள். கேரவன் தொட்டிகளில் பெரும்பாலும் இரண்டு வகைகளைத்தான் பார்க்க முடியும். ஒன்று ஏபிஎஸ், மற்றொன்று பாலிஎத்திலீன், அதாவது நம் வீட்டு மொட்டைமாடியில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி எதனால் ஆனதோ அதே பொருள். ஏபிஎஸ் கரைப்பானில் இளகும், ஆகையால் அதற்குரிய கரைப்பான் பசையைத் தடவி, ஏபிஎஸ் தகட்டிலிருந்தே வெட்டிய ஒட்டுத்துண்டை வைத்து அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பாலிஎத்திலீனிடம் அது நடக்காது. எபாக்சி, சிலிகான், பிவிசி குழாய்ப் பசை ஆகிய எதுவும் அதனோடு உண்மையில் பிணைவதில்லை. பூசிய அன்று கெட்டியாகத் தெரியும். கொண்டை ஊசி வளைவுகளில் தொட்டி ஆடத் தொடங்கியதும் ஓரத்திலிருந்து வில்லையாக உரிந்துவரும்.

சோதிப்பது எளிது. தொட்டியின் ஓரத்தில் கத்தியால் நகக்கண் அளவு ஒரு சீவல் எடுத்து, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்ட தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள். பாலிஎத்திலீனின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, ஆகையால் அது மேலே வந்துவிடும். ஏபிஎஸ்ஸின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 1.05 மடங்கு என்பதால் அது மூழ்கும். இதோ, என் சீவல் மேலே வந்துவிட்டது. தொட்டியின் அடியில் முக்கோணக் குறி இருந்தால் அதையும் பாருங்கள். உள்ளே 2 அல்லது 4 என்ற எண் இருந்தால் பாலிஎத்திலீன் என்று பொருள்.

முன்பெல்லாம் நம் தெருக்களில் பிளாஸ்டிக் குடம், வாளி ஒட்டுபவர்கள் சைக்கிளில் வருவார்கள். அவர்கள் எந்தப் பசையையும் கொண்டுவந்ததில்லை. பையில் உடைந்த குடங்களின் துண்டுகள் இருக்கும், காய்ச்சிய இரும்புப் பட்டை ஒன்று இருக்கும், விரிந்த குடத்தோடு அதே இனத்துத் துண்டை உருக்கிச் சேர்த்துவிட்டுப் போவார்கள். பாலிஎத்திலீனுக்கு அதே பாலிஎத்திலீன்தான் மருந்து என்பதை அவர்கள் தொழிலாகவே அறிந்திருந்தார்கள். நான் செய்யப் போவதும் அதுதான். காய்ச்சிய இரும்புக்குப் பதிலாக என் கையில் சூடான காற்றைப் பாய்ச்சும் ஹாட் ஏர் கன் இருக்கிறது.

இங்கே ஒரு யோசனை சொல்கிறேன். தொட்டியில் குழாய் மாட்டுவதற்கு வட்டமாக ஓட்டை போடும்போது, வெட்டியெடுத்த வட்டத்துண்டை எறிந்துவிடாமல் பத்திரப்படுத்துங்கள். வண்டி கட்டியபோது கேட்டு வாங்கி வைத்த துண்டைத்தான் இப்போது உருக்கி ஒட்டுவதற்காக நீளவாக்கில் குச்சிகளாக அறுத்திருக்கிறேன். தொட்டியின் உடலிலிருந்தே வந்த துண்டு என்பதால் எந்த வகைப் பாலிஎத்திலீன் என்ற சந்தேகம் இல்லை. கடையில் குச்சி வாங்குவதானால் தொட்டியின் வகையையே கேட்டு வாங்க வேண்டும். வகை மாறினால் ஒட்டு வலுவாக இருக்காது.

முதலில் விரிசலின் இரண்டு முனைகளிலும் 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் சிறு துளை போடுகிறேன். விரிசலின் கூர்முனையில் குவியும் இழுவிசை அந்த வட்டத்தின் சுற்றளவில் பரவிவிடுவதால், விரிசல் மேலும் நீளாமல் நிற்கும். பிறகு கோட்டின் நெடுகிலும், சுவரின் கனத்தில் ஏறக்குறைய பாதி ஆழத்துக்கு, கத்தியால் ‘வி’ வடிவத்தில் பள்ளம் எடுக்கிறேன். சுற்றிலும் இரண்டு விரற்கடை அகலத்துக்கு மேல்தோலைச் சுரண்டியெடுத்துவிட வேண்டும். வெயிலும் காற்றும் பட்டுப் பழசான அந்தத் தோல் உருகிச் சேராது. கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, அது முழுவதும் ஆவியாகும் வரை காத்திருக்கிறேன். ஆல்கஹாலும் தீப்பற்றும், எனவே பாட்டிலைத் தொலைவில் வைத்துவிட்டேன்.

ஹாட் ஏர் கன் 1,500 முதல் 2,000 வாட் வரை மின்சாரம் இழுக்கும். வண்டியின் சிறிய இன்வர்ட்டர் அதைத் தாங்காது, வீட்டு மின்சாரம் கேட்டதற்கு அதுதான் காரணம். காற்றின் வெப்பத்தைச் சுமார் 300 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறேன். இந்தப் பிளாஸ்டிக் 120 முதல் 135 டிகிரிக்குள் உருகிவிடும் என்றாலும், மலைக்காற்றில் சூடு சட்டென்று இறங்கிவிடுகிறது. அதனால் காற்று வரும் பக்கத்தில் ஒரு தார்பாயைக் கட்டி மறைத்துவிட்டு, விரிசலைச் சுற்றி ஒரு கையகல இடத்தை முன்கூட்டியே மிதமாகச் சூடேற்றுகிறேன். முதலில் மீதமிருந்த துண்டு ஒன்றில் ஒட்டுப்போட்டு, ஆறியபின் குறட்டால் இழுத்துப் பார்த்தேன். ஒட்டு பிரியாமல் குச்சிதான் நீண்டது. இந்த ஒத்திகையைத் தவிர்க்காதீர்கள்.

இப்போது உற்றுக் கவனியுங்கள். காற்று படும் இடத்தில் பிளாஸ்டிக்கின் மங்கல் மாறி, மழையில் நனைந்த தார்ச்சாலை மாதிரி மினுமினுக்கத் தொடங்குகிறது. பள்ளமும் குச்சியின் முனையும் ஒரே நேரத்தில் அப்படி மினுங்கும்போது குச்சியைச் செங்குத்தாக அழுத்த வேண்டும். சரியாகச் சேர்ந்தால் குச்சியின் இரு பக்கமும் மெல்லிய வரப்பு எழும்பும், பாருங்கள், இரண்டு பக்கமும் வந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் எழும்பினால் மறுபக்கம் சூடு போதவில்லை. புகை வந்தால் சூடு மிகுந்துவிட்டது, அங்கே பிளாஸ்டிக் கருகி நொறுங்கும். முதல் வரி நிரம்பியதும், அதன் மேல் எவர்சில்வர் வலைத்துண்டு ஒன்றைச் சூடேற்றிப் பதித்து, வலை வெளியே தெரியாதபடி இன்னொரு வரி போட்டு மூடுகிறேன். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. திடீரென்று சுருங்கினால் ஒட்டுக்குள் இழுவிசை தங்கிவிடும். தானாக ஆறட்டும்.

தொட்டியை மாட்டுவதற்கு முன் விரிசல் ஏன் வந்தது என்பதைத் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும். என் தொட்டி 60 லிட்டர் கொள்ளும். நிறைந்தால் நீரின் எடை மட்டும் 60 கிலோ. அதைத் தாங்கும் இரும்புப் பட்டைகள் தளர்ந்திருந்தன. வெளியேற்றுக் குழாயோ வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. ஆக, ஒவ்வொரு வளைவிலும் தொட்டி அசைய, குழாய் அசையாமல் நிற்க, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வளையத்தின் ஓரம் முறுக்கை முழுவதும் வாங்கியிருக்கிறது. வண்டி கட்டும் பட்டறைகள் இந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பட்டைகளுக்கும் தொட்டிக்கும் இடையே ரப்பர் வைத்து இறுக்கியிருக்கிறேன். குழாயை நடுவில் அறுத்து, இரண்டு கிளாம்ப் போட்ட ரப்பர் இணைப்பைச் சேர்த்திருக்கிறேன். இனி அசைவை அந்த ரப்பர் வாங்கிக்கொள்ளும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஊட்டி, தலைகுந்தா, அவலாஞ்சிப் பக்கங்களில் உறைபனி விழும் காலத்தில் வருபவர்களுக்கு ஒன்று: தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 விழுக்காடு பெருகும். நிறைய நீர் உள்ள தொட்டியைவிட, வால்வின் இடுக்கிலும் குழாயின் தாழ்ந்த வளைவிலும் தேங்கிய சிறிது நீர்தான் முதலில் உறைந்து பிளக்கும். அந்தக் குழாய் நீர் தேங்காமல் வடியும்படி சரிவாக இருக்கட்டும்.

இனிச் சோதனை. தொட்டியை விளிம்பு வரை நல்ல தண்ணீரால் நிரப்பி, மறுபடியும் கேசரிப் பவுடர் கலந்து, கீழே தாளை விரித்து ஓர் இரவு முழுவதும் விட்டேன். காலையில் தாளில் பனி ஈரம் மட்டும்தான் இருந்தது, நிறம் இல்லை. நின்ற இடத்தில் தேறினால் மட்டும் போதாது என்பதால், பாதித் தொட்டி நல்ல தண்ணீரோடு வண்டியை மேட்டுப்பாளையம் சாலையின் வளைவுகளில் இறக்கி ஏற்றிப் பார்த்தேன், ஏனென்றால் பாதி நிறைந்த தொட்டியில்தான் நீர் அதிகமாக அலைமோதும். திரும்பி வந்து ஒட்டின் மேல் பவுடர் தூவியபோது அது உலர்ந்தே இருந்தது. அதன் பிறகே கழிப்பறையைப் பயன்படுத்தத் தொடங்கினேன்.

உங்கள் வண்டியில் இதே பிரச்சினை இருந்தால், சீவல் மிதந்ததா மூழ்கியதா, விரிசல் எந்த இடத்தில் இருக்கிறது, குழாய் எதனோடு கட்டப்பட்டிருக்கிறது என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள், எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.