பாக்தாத் சுவரை வலமிருந்து வாசிப்போம்

நேயர்களுக்கு வணக்கம்.

பாக்தாத் நகரின் தஹ்ரீர் சதுக்கத்தில், தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில், நீண்ட வெண்சுவர் ஒன்று தாங்கி நிறுத்தப்பட்டிருக்கிறது. நீளம் 50 மீட்டர், உயரம் 10 மீட்டர். அதில் 14 வெண்கல வார்ப்புகள்; ஒவ்வொன்றும் சராசரியாக 8 மீட்டர். பெயர் 'நஸ்ப் அல்-ஹுர்ரியா', அதாவது விடுதலைச் சின்னம்.

1958 ஜூலை 14 அன்று இராக்கில் மன்னராட்சி கவிழ்ந்தது. அன்றே மன்னர் முதலாம் ஃபைசலின் சிலையும் பிரிட்டிஷ் தளபதி மாட் என்பவரின் சிலையும் தெருவில் விழுந்தன. பிறகு ஆட்சிக்கு வந்த அப்துல் கரீம் காசிமின் அரசு, புரட்சிக்கு ஒரு சின்னம் கேட்டது. ஊர்வலத்தில் விரித்துப் பிடிக்கும் பதாகையைப் போலச் சுவரை அமைத்தார் கட்டடக் கலைஞர் ரிஃபாத் சாதிர்ஜி. சிற்பங்கள் ஜவாத் சலீமுடையவை.

சலீம் பாரிஸ், ரோம், லண்டன் நகரங்களில் கலை பயின்றவர். பாக்தாத்தில் தொல்பொருள் துறையிலும் வேலை பார்த்தவர். பண்டைய இராக்கின் அசீரிய அரண்மனைச் சுவர்களின் புடைப்புச் சிற்பங்கள் அவர் கைக்குப் பழகியவை. அந்தப் பழக்கம் இங்கே நன்றாகத் தெரிகிறது.

இதைப் பார்க்கும்போது பலர் செய்யும் பிழை, இடப்பக்கத்தில் தொடங்குவது. அப்படிப் பார்த்தால் கதை தலைகீழாகிவிடும். அரபு எழுத்தைப் போல வலமிருந்து வாசிக்க வேண்டும். முதலில் திமிறும் குதிரை. அடுத்து பதாகை ஏந்திய போராட்டக்காரர்கள், ஒரு குழந்தை, அழும் பெண்கள், இறந்த மகன்மேல் கவிழ்ந்த தாய். அந்தத் தாயிடம் சற்று நின்றுவிடுங்கள். முதுகு வளைந்த விதத்திலேயே துக்கம் முழுவதும் இருக்கிறது. நடுவில் சிறைக் கம்பிகளை உடைத்துக்கொண்டு பாயும் படைவீரன். அதற்கப்பால் அசைவு அடங்குகிறது: தீபம் ஏந்திய பெண், டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளாக இரு பெண்கள், உழவர்கள், காளை, கடைசியில் தொழிலாளி.

வார்ப்பு வேலை இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் நடந்தது. சிற்பங்களைச் சுவரில் ஏற்றி முடிக்கும் முன்பே, 1961 ஜனவரியில், மாரடைப்பால் சலீம் இறந்தார். மனைவி லோர்னாவும் சிற்பி முகம்மது கனி ஹிக்மத் போன்றோரும் மிச்ச வேலைக்குத் தோள்கொடுக்க, அதே ஆண்டு ஜூலையில் சின்னம் திறக்கப்பட்டது.

காசிமின் உருவத்தையும் சேர்க்கும்படி நெருக்கடி இருந்தது, சலீம் இணங்கவில்லை. என் கணிப்பில் சுவரைக் காப்பாற்றியது அந்த முடிவுதான். 1963-ல் காசிம் சுட்டுக் கொல்லப்பட்டார், சுவர் நின்றது. சாதிர்ஜியின் இன்னொரு படைப்புக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. பாக்தாத்தின் ஃபிர்தவ்ஸ் சதுக்கத்தில் அவர் கட்டிய பெயர் தெரியாத வீரர் நினைவகம் 1980-களில் இடிக்கப்பட்டது. அந்தச் சதுக்கத்தில் 2002-ல் சதாம் உசேனின் சிலை எழுந்தது. மறு ஆண்டே, 2003 ஏப்ரல் 9 அன்று, உலகமே தொலைக்காட்சியில் பார்க்க அதுவும் சாய்ந்தது.

2019 அக்டோபரில் வேலையின்மைக்கும் ஊழலுக்கும் எதிராக இளைஞர்கள் திரண்டது இந்தச் சுவரின் கீழேதான். அவர்கள் முழக்கம் 'நுரீத் வதன்': எங்களுக்கு ஒரு தாய்நாடு வேண்டும். நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். காயம்பட்டவர்களை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றவை பெரும்பாலும் ஆட்டோக்கள். சதுக்கத்தின் அடியில் செல்லும் சுரங்கப்பாதைச் சுவர்களில் அந்த ஆட்டோக்களையும் இளைஞர்கள் வரைந்தார்கள். மேலே சலீமின் வெண்கலத் தாய் அப்படியே மகன்மேல் கவிழ்ந்திருந்தாள்.