கடல் கணக்கும் தோட்டத்து மழைக் கணக்கும்
(மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினரின் பிரதிநிதி அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, மாரியம்மன் ஆலய நிர்வாகத்தினரே, மண்டபத்தைக் கொடுத்ததோடு மின்விசிறியையும் பழுது பார்த்துக் கொடுத்த தோட்ட நிர்வாகத்தாரே, பின்னால் நிற்கும் தாய்மார்களே (முன்வரிசை காலியாகத்தான் இருக்கிறது, வாருங்கள்), எல்லோருக்கும் வணக்கம். மாண்புமிகு வர இயலவில்லை. அவருக்கான பொன்னாடையைப் பிரதிநிதி மறக்காமல் கொண்டு போக வேண்டும்.

கடல் நிலையை அன்றன்றைக்கே கணித்துச் சொல்லும் முறையை நாடுகள் கூடி எப்படி உருவாக்கின, அது எப்படி வேலை செய்கிறது, நமக்கு அதனால் என்ன பயன் என்று மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் எந்தப் பழமொழியில் தொடங்குவேன் என்றும் தெரியும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

1992-ல் அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து டோபெக்ஸ் பொசைடன் என்ற செயற்கைக்கோளை அனுப்பின. 1,300 கிலோமீட்டருக்கு மேலே இருந்துகொண்டு கடல் மட்டத்தின் மேடு பள்ளத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்தது அது. மேலே இருந்து பார்த்தால் மேற்பரப்புதான் தெரியும், உள்ளே? அதற்காக வந்தவை ஆர்கோ மிதவைகள். 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து திரியும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடியே மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் செய்தி சொல்லிவிட்டு மறுபடி மூழ்கிவிடும். 2007-ல் 3,000 மிதவைகள் ஆயின, இன்று ஏறக்குறைய 4,000. எந்த நாடு போட்ட மிதவையானாலும் அதன் அளவு ஒரு நாளுக்குள் உலகத்துக்கே இலவசம். எனக்குப் பிடித்ததே இதுதான்.

இந்த அளவுகளை, கடலின் போக்கைக் கணக்கிட்டுக் காட்டும் கணினி மாதிரியில் சேர்த்து, அது தடம் மாறும்போதெல்லாம் திருத்தித் திருத்தி நாளைய நீரோட்டத்தைச் சொல்ல வைப்பதற்காகத்தான் கோடே என்ற கூட்டுத் திட்டம் 1990-களின் கடைசியில் உருவானது. பிரான்ஸ், பிரிட்டன், நார்வே, ஜப்பான், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என ஆளுக்கொரு மாதிரியை ஓட்டினார்கள். முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, யாருடையது எங்கே பிசகுகிறது என்று வெளிப்படையாகப் பேசிக்கொண்டார்கள். இன்று அந்தக் கூட்டு ஓஷன் பிரெடிக்ட் என்ற பெயரில் நடக்கிறது. காணாமல் போன நம் எம்எச்370 விமானத்தின் இறக்கைத் துண்டு 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் ஒதுங்கியபோது, அது எங்கிருந்து மிதந்து வந்திருக்கும் என்று ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பின்னோக்கிக் கணக்கிட்டதும் இப்படிப்பட்ட நீரோட்டக் கணக்கை வைத்துத்தான்.

சரி, இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியாக வேண்டும். பால்மரக் காலத்தில், அதாவது ரப்பர் காலத்தில், ஆற்றோரமாக இரண்டு தோட்டங்கள், பெயர் வேண்டாம். மேல் தோட்டத்திலும் கீழ்த் தோட்டத்திலும் ஆளுக்கொரு கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர். விடிந்ததும், ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு முன், மழைமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது இருவருக்கும் வேலை. ஆனால் இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. தீபாவளிப் பந்து விளையாட்டில் மேல் தோட்டத்துக் கிராணி நடுவராக நின்று, கீழ்த் தோட்டம் போட்ட கோலுக்கு விசில் அடித்துச் செல்லாது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அலுவலகத்துத் தொலைபேசி அடித்தால்கூட எடுக்க மாட்டார்கள். ஒரு அமாவாசை. மேலே ராத்திரி முழுக்க மழை. அளவுக் குடுவை நிறைந்து, கொட்டிவிட்டு மறுபடியும் அளந்திருக்கிறார் மனிதர். அழகான கையெழுத்தில் எழுதினார், பதிவேட்டை மூடினார், பசியாறப் போய்விட்டார். கீழே கடல் பெரிய ஏற்றத்தில் நிற்கிறது, ஆற்றுத் தண்ணீர் வடிய வழியில்லை. பொழுது சாய்வதற்குள் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குள் வெள்ளம். கோழியெல்லாம் கூரையில். கீழ்த் தோட்டத்துக் கிராணி பதிவேட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பால் நிறுக்கிற மேசை மேல் நிற்கிறார். சம்பான் படகில் வந்த தண்டல், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளர், அந்த நிலையிலும் கேட்டாராம்: “ஐயா, அன்னைக்கு அவர் விசில் அடிச்சது கோலுக்கா, இந்த வெள்ளத்துக்கா?”

சிரித்தீர்கள். ஊர் கூடாவிட்டால் தேர் எங்கே நிற்கும் என்று பார்த்தீர்கள் அல்லவா?

ஆர்கோ மிதவைக்கு நம் மலாக்கா நீரிணையில் வேலை இல்லை, ஆழம் போதாது. ஆற்று முகத்தில் ஏற்றமும் காற்றும் மேலே பெய்த மழையும் சேர்ந்துதான் வெள்ளத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே நம் ஆறு கடலில் சேரும் கோலசிலாங்கூரின் கணிப்புக்கு இங்கே பெய்யும் மழையின் கணக்கும் வேண்டும். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது அந்த மழைப் பதிவேடுகள் எங்கே போயின? பழைய இரும்புக் கடையில் போயிருக்கும். பல ஆண்டுகளாக நான் கத்துவது இதைத்தான்: அவற்றைக் காப்பாற்றுங்கள், தமிழ்ப்பள்ளியில் ஒரு மழைமானி வையுங்கள், பிள்ளைகள் தினமும் காலையில் அளந்து எழுதட்டும், எழுதியதை எல்லோருக்கும் கொடுக்கட்டும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது செய்தியைப் பாதியில் விட்டுவிட்டேன், மூன்றாவதைத் தொடவே இல்லை. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். தாத்தா, அப்பா காலத்து மழைப் பதிவேடு யார் வீட்டிலாவது இருந்தால் வாசல் பக்க மேசையில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். புத்தகத்தைப் படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம், கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. மழைமானிக்குப் பள்ளித் திடலில் மரநிழல் இல்லாத ஓரிடம் கேட்டிருக்கிறேன். தலைமையாசிரியை இப்போதே மேடையில் பதில் சொல்வதாகச் சொன்னார். இதோ, ஒலிவாங்கி.