லியோ மெக்கெர்ன்: நீதிமன்றத்தின் இரு தரப்பிலும் நின்ற நடிகர்

வணக்கம். ஒரு குணச்சித்திர நடிகரின் திறமை எங்கே உருவாகிறது, அது தொலைக்காட்சியில் எப்படிப் பயன்படுகிறது என்பதை, ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற லியோ மெக்கெர்னின் வாழ்க்கை வழியாகப் பார்ப்போம்.

1920-இல் சிட்னியில் பிறந்த மெக்கெர்ன், பதினைந்தாவது வயதில் வேலையிடத்தில் நேர்ந்த விபத்தில் இடது கண்ணை இழந்தார்; அதன்பின் வாழ்நாள் முழுவதும் செயற்கைக் கண்தான். பருத்த உடலும் கரகரப்பான கனத்த குரலும் கொண்ட அவர், நடிகை ஜேன் ஹாலண்டைப் பின்தொடர்ந்து 1946-இல் இங்கிலாந்து சென்று, அவரை மணந்து, லண்டனின் ஓல்ட் விக் நாடக அரங்கில் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துத் தேர்ந்தார். லியர் மன்னனின் கோமாளி வேடமும் அங்கே அவருக்குக் கிடைத்தது.

(திரையில்: நாடக மேடை, ஆடைகள் நிறைந்த கூடை)

அவருடைய தொழிலைப் புரிந்துகொள்ள 1960-ஆம் ஆண்டுதான் சரியான இடம் என்பது என் கருத்து. மன்னர் எட்டாம் ஹென்றிக்குப் பணிய மறுத்து உயிர்விட்ட தாமஸ் மோரைப் பற்றி ராபர்ட் போல்ட் எழுதிய ‘எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்’ நாடகம் அந்த ஆண்டு லண்டனில் அரங்கேறியது. பால் ஸ்கோஃபீல்டு மோராக நடிக்க, மெக்கெர்ன் ‘சாமானியன்’ என்ற பாத்திரத்தை ஏற்றார். இந்தச் சாமானியன் கூடையிலிருந்து உடைகளை எடுத்து மேடையிலேயே மாற்றிக்கொண்டு, மோரின் பணியாளாகவும், படகோட்டியாகவும், சிறைக்காவலராகவும், நடுவர் குழுத் தலைவராகவும், கடைசியில் மோரின் தலையை வெட்டுபவராகவும் வருகிறான். அவையோர் கண்ணெதிரே ஆளே மாற வேண்டிய அந்த வேடத்தில், நடிகருக்கு ஒப்பனை அறையின் உதவி இல்லை. நடையும் குரலும் மட்டுமே உண்டு.

மறு ஆண்டு அதே நாடகம் நியூயார்க்கின் பிராட்வேக்குச் சென்றபோது, மெக்கெர்ன் மோரை வீழ்த்தும் மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லாக மாறினார். 1966-இல் வந்த திரைப்படத்திலும் அவரே கிராம்வெல். விசாரணைக் காட்சியில் மோரின் மௌனத்தையே அவருக்கு எதிரான சாட்சியாக வளைத்து வாதிடும்போது, ஒரு சூழ்ச்சிக்காரனின் அறிவுக்கூர்மையை அவர் எவ்வளவு மதித்து நடிக்கிறார் என்பது தெரியும். வில்லனை வெறும் கெட்டவனாக்கிக் காட்டியிருந்தால் மோரின் துணிச்சலும் சிறுத்துப் போயிருக்கும்.

(திரையில்: வழக்கறிஞரின் பொய்முடி, கறுப்பு அங்கி)

அப்படி அரசுத் தரப்பில் நின்று மோரைக் குற்றவாளியாக்கிய நடிகர், 1975-இல் பிபிசி ஒளிபரப்பிய ஒரு நாடகத்தில் எதிர்ப்பக்கம் வந்து நின்றார். அதில் அவர் ஏற்ற வேடம், வழக்கறிஞராகவும் இருந்த எழுத்தாளர் ஜான் மார்ட்டிமர் படைத்த ஹோரஸ் ரம்போல்; குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடுவதையே வாழ்வாகக் கொண்ட, பதவி உயர்வைப் பொருட்படுத்தாத, வோர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளை மேற்கோள் காட்டும் மூத்த வழக்கறிஞர். தேம்ஸ் தொலைக்காட்சி 1978 முதல் 1992 வரை இதைத் தொடராக வழங்கியது. நீதிபதியை வார்த்தையால் சீண்டிவிட்டு அடுத்த நொடியே பணிவாகக் குனியும் அந்த வேகம், மேடையில் பல ஆண்டுகள் அவையை நாடிபிடித்துப் பார்த்தவருக்கே கைகூடும்.

இந்தப் புகழுக்கு விலையும் இருந்தது. மக்கள் அவரை ரம்போலாகவே நினைவில் வைத்திருந்தார்கள். முந்தைய முப்பது ஆண்டு உழைப்பு அந்தப் பொய்முடிக்குப் பின்னால் மறைந்தது அவருக்கு உறுத்தலாகவே இருந்தது. 2002-இல், 82 வயதில் அவர் மறைந்தார். 1966 படத்தின் விசாரணைக் காட்சியையும் ரம்போல் தொடரின் ஏதேனும் ஒரு நீதிமன்றக் காட்சியையும் அடுத்தடுத்துப் பாருங்கள். குறுக்கு விசாரணையில் அதே குரல் எங்கே இறுகுகிறது, எங்கே இளகுகிறது என்பதைக் கவனித்துக் கேளுங்கள்.