போரின் போக்கைத் தீர்மானிப்பது அரசியல் தலைமையே!

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

போரின் போக்கைத் தீர்மானிப்பது படைத்தலைமையா, அரசியல் தலைமையா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் படைத்தலைமைதான் என்று அடித்துச் சொல்லிவிட்டு அமர்ந்திருக்கிறார். குண்டு பாயும் இடத்தில் நிற்பவர் தளபதி, நாற்காலியில் இருப்பவருக்குக் களத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். சான்றாக 1971 போரையும் மானெக்‌ஷாவையும் சொன்னார். நல்ல சான்று. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1971 ஏப்ரல். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் சாரைசாரையாக இந்தியாவுக்குள் வந்துகொண்டிருக்கிறார்கள். படையை உடனே அனுப்ப வேண்டும் என்று பிரதமர் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் பேச்சு எழுகிறது. தரைப்படைத் தளபதி மானெக்‌ஷா முடியாது என்கிறார். கொஞ்ச நாளில் பருவமழை வந்துவிடும், வங்கத்து ஆறுகள் கடல்போல விரியும், படை சாலையை விட்டு இறங்க முடியாது. இமயத்தின் கணவாய்களில் பனி உருகிவிடும், சீனா பக்கமும் ஒரு கண் வேண்டும். படைப்பிரிவுகள் இன்னும் தயாராகவில்லை. பதவி விலகக்கூடத் தயார் என்று அன்று சொன்னதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அந்தத் துணிச்சலுக்கு நானும் தலை வணங்குகிறேன். ஆனால் நண்பர் கதையை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார். அந்த ‘முடியாது’ காதில் விழுந்த பிறகு என்ன நடந்தது? பிரதமர் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. அவசரப்பட்ட அமைச்சர்களையும், பத்திரிகைகளில் எழுந்த கூச்சலையும் தாங்கிக்கொண்டு எட்டு மாதம் பொறுத்தார். அந்த எட்டு மாதமும் சும்மா போகவில்லை. ஆகஸ்ட் 9ஆம் தேதி சோவியத் யூனியனுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்புறம் அக்டோபரிலும் நவம்பரிலும் மேற்கத்தியத் தலைநகரங்களுக்குப் போய் அகதிகள் நிலையை நேரில் எடுத்துச் சொன்னார். போர் டிசம்பர் 3இல் வெடித்தது. 16ஆம் தேதி டாக்காவில் சரணடைவுப் பத்திரம் கையெழுத்தானது. சுமார் 93,000 பேர் கைதிகளானார்கள். மறுநாளே மேற்கு முனையில் இந்தியா தானாக முன்வந்து போரை நிறுத்தியது. வெற்றி கையில் இருக்கும்போது ‘போதும்’ என்ற சொல் எந்த மேசையிலிருந்து வந்தது? போர்க்களத்து மேசையிலிருந்தா?

சரி, இன்னொரு ‘முடியாது’ கதைக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போர், 1941 ஜூலைக் கடைசி. சோவியத் படைத் தலைமையகத்தின் தலைவர் ஜூகோவ், கீவ் நகரைக் கைவிட்டுப் பின்வாங்குவதே படையைக் காப்பாற்றும் என்று ஸ்டாலினிடம் சொல்கிறார். ஸ்டாலின் கொதித்துப் போகிறார். ஜூகோவ் அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டு வேறு களத்துக்கு அனுப்பப்படுகிறார். செப்டம்பரில் அதே கீவைச் சுற்றி ஜெர்மன் வளையம் இறுகியது. ஜெர்மனி சொன்ன கணக்குப்படி பிடிபட்டவர்கள் ஆறரை லட்சத்துக்கும் மேல்.

இரண்டு தளபதிகள். இருவருமே திறமைசாலிகள். இருவரும் நேருக்கு நேர் நின்று உண்மையைச் சொன்னார்கள். ஒரு இடத்தில் அந்த உண்மையிலிருந்து வெற்றி வந்தது. இன்னொரு இடத்தில் லட்சக்கணக்கான இளைஞர்கள் கம்பிவேலிக்குள் போனார்கள். தளபதியின் திறமைதான் போரைத் தீர்மானிக்கிறது என்றால், இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? எதிரணியில் அடுத்துப் பேசுபவர் இதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

அதே ஸ்டாலின் பிறகு கொஞ்சம் கற்றுக்கொண்டார். 1942இல் ஜூகோவும் இன்னொரு தளபதி வாசிலெவ்ஸ்கியும் சொன்னதைக் கேட்கத் தொடங்கினார். எதிர்ப்பக்கத்தில் ஹிட்லரோ, மறுத்துப் பேசிய தன் தளபதி ஹால்டரை செப்டம்பரில் நீக்கினார். நவம்பரில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மனியின் ஆறாவது படை சூழப்பட்டபோது, முற்றுகையை உடைத்துக்கொண்டு வெளியேற அதன் தளபதி பவுலஸ் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. 1943 பிப்ரவரி தொடக்கத்தில் சுமார் 91,000 பேர் சரணடைந்தார்கள். அவர்களில் ஊர் திரும்பியவர்கள் ஏறக்குறைய ஆறாயிரம் பேர்தான். ஒரே நகரத்தின் முன்னால் ஒரு ஆட்சியாளர் காதைத் திறந்தார், இன்னொருவர் மூடிக்கொண்டார். அந்த வீரர்களை நினைக்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. பனியில் உறைந்து நின்ற எவனும் அந்த முடிவை எடுக்கவில்லை.

நடுவர் அவர்களே, வெற்றி தோல்வியை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. கையில் சிக்கியவனை எப்படி நடத்துவது, நிராயுதபாணியை என்ன செய்வது என்பது. அதை எந்தத் தலைவர் தீர்மானிக்கிறார்?

சோவியத் நாட்டுக்குள் ஜெர்மன் படை நுழைந்தது 1941 ஜூன் 22. சோவியத் படையோடு இருக்கும் கட்சியின் அரசியல் அதிகாரிகள் சிக்கினால் சுட்டுக் கொல்லுங்கள் என்ற உத்தரவு எழுதப்பட்டது ஜூன் 6. ஒரு குண்டுகூடப் பாய்வதற்கு முன்பே! களத்தின் ஆத்திரத்தில் பிறந்த கொலை அல்ல அது. ஹிட்லரின் விருப்பப்படி அலுவலகத்தில் தட்டச்சு செய்யப்பட்ட கொலை. அதைக் கீழே அனுப்பிய தளபதிகளும் குற்றவாளிகளே, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஊற்று எங்கே என்று பாருங்கள். அந்தப் போரில் பிடிபட்ட சோவியத் வீரர்கள் சுமார் 57 லட்சம் பேர். அவர்களில் 33 லட்சம் பேர் வரை செத்துப்போனார்கள் என்பது வரலாற்றாய்வாளர்கள் பரவலாக ஏற்கும் கணக்கு. பெரும்பாலும் பசியால், குளிரால், நோயால்.

இதற்கு நேர்மாறாக, அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, 1863இல், லிங்கனின் ஒப்புதலோடு ஒரு உத்தரவு வந்தது. கைதியைச் சித்திரவதை செய்யாதே, போரின் தேவை என்ற பெயரில் கொடுமை செய்யாதே என்று அது படைக்குச் சொன்னது. எல்லாரும் அதன்படி நடந்தார்களா என்றால் இல்லை. ஆனால் எது குற்றம் என்று எழுதி வைத்தாகிவிட்டது.

மை லாய் கிராமத்தைப் பற்றி எதிரணி பேசக்கூடும். 1968 மார்ச் 16. வியட்நாமில் அமெரிக்கப் படையினர் நூற்றுக்கணக்கான கிராமத்தாரைக் கொன்ற நாள். அங்கே ஹெலிகாப்டரை இறக்கிக் குறுக்கே நின்றவர் ஹ்யூ தாம்ப்சன் என்ற விமானி. ஒரு படைவீரன் நினைத்தால் எதையும் தடுக்கலாம் என்பதற்கு அவர் சாட்சி, ஏற்கிறேன். ஆனால் 1971இல் அந்தக் கொலைகளுக்காக லெப்டினன்ட் காலிக்கு ஆயுள் தண்டனை கிடைத்த கையோடு, அவரைச் சிறையிலிருந்து எடுத்து வீட்டுக்காவலில் வைக்கச் சொன்னது அதிபர் நிக்சன். அடுத்த போரில் துப்பாக்கி தூக்கப் போகிறவனுக்கு அது என்ன சொல்லியிருக்கும்?

எதிரணியின் பலமான சான்று ஒன்றை அவர்களுக்கு முன்பே நான் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரில் ஜெர்மனி. 1916க்குப் பிறகு தளபதிகள் ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும் வைத்ததுதான் சட்டம். 1917 ஜனவரி 9ஆம் தேதி கூட்டத்தில், கண்ணில் படும் கப்பலையெல்லாம் நீர்மூழ்கிகள் தாக்கட்டும், சில மாதங்களில் பிரிட்டன் பணிந்துவிடும் என்றது படைத்தலைமை. இது அமெரிக்காவைப் போருக்குள் இழுத்துவிடும் என்று அஞ்சிய அரசாங்கத் தலைவரான சான்சலர் பெத்மன் ஹோல்வெக் கடைசியில் வளைந்து கொடுத்தார். பேரரசர் கையெழுத்திட்டார். ஏப்ரல் 6ஆம் தேதி அமெரிக்கா போரில் இறங்கியது. பார்த்தீர்களா, தளபதிகள்தானே தீர்மானித்தார்கள் என்று கேட்பீர்கள். நான் கேட்கிறேன்: அவர்களுக்கு அந்த இடத்தைக் காலி செய்து கொடுத்தது யார்? வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் பேரரசரிடம் இருந்தது. அதைப் பயன்படுத்தாமல் விட்டதும் அவர் எடுத்த முடிவுதான். 1951இல் கொரியப் போரைச் சீனா வரை விரிக்க வேண்டும் என்று நின்ற தளபதி மெக்ஆர்தரை, அதே போரின் இஞ்சோன் வெற்றியின் நாயகன் என்றும் பாராமல், அமெரிக்க அதிபர் ட்ரூமன் பதவி நீக்கினார். போர் அந்தத் தீபகற்பத்தைத் தாண்டவில்லை. அந்த அதிகாரம் பேரரசரிடமும் இருந்தது.

அந்த ஜெர்மன் கதை எப்படி முடிந்தது என்பதையும் கேளுங்கள். 1918 செப்டம்பர் கடைசியில், உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்று அரசை நெருக்கியது அதே லூடன்டார்ஃப். நவம்பரில் போர்நிறுத்தம் கையெழுத்தாக இருந்த, பிரெஞ்சுக் காட்டில் நின்ற ரயில் பெட்டிக்கு ஜெர்மன் குழுவின் தலைவராகப் போனவர் ஹிண்டன்பர்க் இல்லை, லூடன்டார்ஃபும் இல்லை. 1917இலேயே சமாதானத் தீர்மானம் கொண்டுவந்த எர்ஸ்பெர்கர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர். கையெழுத்துப் போட்டார். பிறகு, களத்தில் தோற்காத படையை அரசியல்வாதிகள் முதுகில் குத்திவிட்டார்கள் என்று தளபதிகள் பேசினார்கள். 1921 ஆகஸ்டில் தீவிர வலதுசாரிகள் எர்ஸ்பெர்கரைச் சுட்டுக் கொன்றார்கள். கணக்கு கேட்கும் நாள் வந்தபோது, நடுவர் அவர்களே, அந்த நாடு எந்தக் கதவைத் தட்டியது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.